பேருந்தில் மாற்றிய வாக்குத்தத்தம்

நான் திருடியிருக்கிறேன். பணத்தையோ நகையையோ அல்ல. ஆண்டவர் இன்னொருத்திக்குக் கொடுத்த வாக்கை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்குக் கொடுத்ததை அவள் தலையில் கட்டினேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, பட்டப்பகலில் இதைச் செய்தேன்.

சிரிக்காதீர்கள்... அல்லது சிரித்துக்கொண்டே கேளுங்கள். எனக்கும் முதலில் இது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

இவள் ஏன் நம்மிடம் வந்து சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு முத்துலட்சுமியைத் தெரியாது, அதனால்தான். அவளைத் தெரிந்தவர்களிடம் வாய் திறக்கும் துணிச்சல் நான்கு ஆண்டுகளாக எனக்கு வரவில்லை. ஒரே ஒரு முறை முயன்றேன். அந்த லட்சணத்தையும் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ரூபி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காயத்துக்குக் கட்டும் துணியைச் சுருட்டி, உறையில் போட்டு ஒட்டுவது என் வேலை. அதே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறவள் முத்துலட்சுமி. சுந்தரபாண்டியத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். தினமும் பஸ் ஏறி வேலைக்கு வருவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் பிறவிக் கிறிஸ்தவள் அல்ல. அவள் கணவன் கணேசனுக்கு வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, மாமியார் ஒரு கோயில் விடாமல் நேர்ந்துகொண்டார். இவள் மேசையில் உட்கார்ந்து துணியைச் சுருட்டியபடியே அழுவாள். பார்க்கப் பொறுக்காமல், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வா என்று நான்தான் கூப்பிட்டேன். நான்தான்! இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். வந்தாள். வந்தவள் தங்கிவிட்டாள். கணேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், சிரித்த முகக்காரன், அவன் தடுக்கவில்லை. மாமியார்தான், சாமியை மாற்றினால் வீடு தாங்காது என்று தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு கார்த்திகையில் என் வீட்டிலும் இடி விழுந்தது. மில்லில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த என் கணவர் தங்கராஜ் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறிவிட்டது. இன்னொரு முறை வந்தால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஆறுதல்! நீங்கள் படுக்கையில் கிடக்கும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. சபையின் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்கு நான் டீ போட வேண்டும். பிஸ்கட் வைக்க வேண்டும். அவர்கள் கண்ணை மூடி நெடுநேரம் ஜெபிப்பார்கள். உள்ளே அவருக்குத் துணி மாற்ற வேண்டிய நேரமாகியிருக்கும், எனக்கு வாடை தெரியும், ஆமென் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பேன். போகும்போது என் தோளைத் தட்டி, "கிருபை போதும் சிஸ்டர்" என்பார்கள்.

கிருபை வந்து படுக்கைவிரிப்பை அலசுமா? தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் கொடுக்கமாட்டார் என்பார் ஒருவர். அந்தப் பாரத்தைக் காலையும் மாலையும் புரட்டிப் போடுகிறவள் நான்தானே, அதன் எடை என்னவென்று என்னிடம் யாராவது கேட்டார்களா? காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பார் இன்னொருவர். அந்தக் காரணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் போங்களேன் என்று கத்த வேண்டும்போல இருக்கும். போய் டீ டம்ளர்களைக் கழுவினேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர். அவர் மட்டும் ஒரு வசனமும் சொல்லவில்லை. நான் குழாயடியில் விரிப்பை அலசும்போது வந்து நின்று, மறுமுனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்துவிட்டுப் போவார். கிருபை என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு அவருடைய ஈரக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது வேறு கதை.

இனி அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலருக்கு இந்தப் பழக்கம் தெரியாமல் இருக்கலாம்.

எங்கள் சபையில் புத்தாண்டுதோறும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் ஒரு சூரிய உதயமோ புறாவோ அருவியோ, ஓரமாக ஒரு வசனம். சிவகாசியில் அச்சடித்துக் கட்டுக்கட்டாக வாங்கி வருவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவற்றைத் தட்டில் கவிழ்த்து அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடி, போதகர் கை வைத்து ஜெபித்துவிட்டால் பிறகு அது சிவகாசி அட்டை இல்லை. அந்த ஆண்டு முழுவதற்கும் அந்தந்த வீட்டுக்கு ஆண்டவர் சொல்லும் சொல். வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். பொறுக்கக் கூடாது. திரும்ப வைக்கக் கூடாது. மாற்றக் கூடாது... மாற்றவே கூடாது!

மற்ற ஊர்களில் இதை நள்ளிரவில் வைப்பார்கள். எங்கள் சபையில் பாதிப் பேருக்கு மில்லில் நைட் ஷிப்ட், ஆகவே காலையில்தான். வர முடியாதவர்களுக்கு வேறொருவர் எடுத்துப் போய்க் கொடுக்கலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. வலது கையால் உருவுவது தன் வீட்டுக்கு, இடது கையால் உருவுவது அடுத்த வீட்டுக்கு. பின்னால் எது யாருடையது என்ற குழப்பம் வரக்கூடாது என்பதற்காக யாரோ பெரியவர்கள் வைத்த ஏற்பாடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், போதகருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார். கிருபை போதும் என்று சொல்லும் அட்டை ஒன்று அந்தக் கட்டுக்குள் எப்போதும் இருக்கும். அது யாருக்கு வருகிறதோ அந்த வீட்டுக்குக் கஷ்டம் வருகிறது என்று பெண்கள் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். வெளியே, ஆகா நல்ல வசனம் என்போம். உள்ளே, ஐயோ பாவம் என்போம். எல்லாம் சுகமாக நடக்கப்போகிறது என்றால் கிருபை போதும் என்று எதற்காகத் தனியாகச் சொல்ல வேண்டும்? இது எங்கள் கணக்கு. என் கணவர் விழுந்த ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு வந்திருந்தது அந்த அட்டைதான்.

அந்த ஜனவரி முதல் தேதி கணேசனை விட்டுவிட்டு வர முடியாது என்று முத்துலட்சுமி போன் செய்திருந்தாள். எங்களுக்கும் சேர்த்து எடுத்து வா அக்கா என்றாள். வீட்டுக்காரம்மாவிடம் என் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போனேன். கண்ணை மூடினேன். வலது கையால் ஒன்று. இடது கையால் ஒன்று. அங்கேயே திருப்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை. வலது கை அட்டையைக் கைப்பையிலும், இடது கை அட்டையை என் வேதப் புத்தகத்துக்குள்ளும் வைத்துக்கொண்டு நேரே பஸ் ஏறினேன்.

மார்கழி மாதம். பஸ் நிறைய கோயிலுக்குப் போகும் கூட்டம், பூவும் கற்பூரமுமாய் மணத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதிர்ஷ்டவசமாக ஜன்னலோரம் கிடைத்தது. டிக்கெட் வாங்கியதும் கைப்பையைத் திறந்து என் அட்டையைப் பார்த்தேன். அருவி. கிருபை போதும்.

மறுபடியும்! ஒரு மனுஷி எத்தனை முறை இதைக் கேட்பாள்? எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆண்டவரே, உமக்கு வேறு வசனமே கிடைக்கவில்லையா, தட்டில் அத்தனை அட்டை இருந்ததே என்று வாய்க்குள் சண்டை போட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

பிறகு வேதத்தைத் திறந்து அவளுடையதைப் பார்த்தேன். பார்க்க எனக்கு உரிமை இல்லை. பார்த்தேன். சூரிய உதயம். சாகப்போவதில்லை, பிழைத்திருந்து கர்த்தர் செய்ததை ஊருக்குச் சொல்லப்போகிறாய் என்ற அர்த்தத்தில் ஒரு வசனம்.

எத்தனை நேரம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. வலது கையால் எடுத்தது இதுவாக இருக்கலாமே, தடுமாறியிருப்பேனோ என்று எனக்கு நானே ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். பொய். எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கைகளிலும் அந்த அட்டைகளின் ஓரங்கள் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தன.

அருவியை எடுத்து வேதத்துக்குள் வைத்தேன். சூரியனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அவ்வளவுதான். ஒரு பேண்டேஜை உறையில் போடும் நேரம்கூட ஆகவில்லை.

முத்துலட்சுமியின் வீட்டில் கணேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வயிறு மட்டும் உப்பி, கைகால்கள் வற்றிப்போயிருந்தன. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் முகம் வாடுமே, அதைப் பார்க்க வேண்டுமே என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போதும்னு சொல்லுதாரு," என்றாள் அவனிடம். "சரி. அவரு போதும்னா போதும்தான்."

அவளுக்கு எங்கள் பெண்களின் கணக்கு தெரியாது. புதிதாக வந்தவள் அல்லவா, யாரும் சொல்லியிருக்கவில்லை.

கணேசன் என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு என்னக்கா வந்துச்சு?" என்று கேட்டான். நான் கைப்பையைத் திறந்து காட்டினேன். காட்டினேன்! திருடிய பொருளைச் சொந்தக்காரனிடமே நீட்டினேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். அவன் முகம் மலர்ந்தது.

"நல்லா வந்திருக்குக்கா. அண்ணன் பொழச்சுக்கிடுவாரு, பாருங்க," என்று திருப்பிக் கொடுத்தான்.

வைகாசியில் கணேசன் இறந்துபோனான்.

நான் போனேன். போகாமல் எப்படி இருக்க முடியும்? வாசலில் பந்தல். சுந்தரபாண்டியத்திலிருந்து அவள் அண்ணன்மார் வந்திருந்தார்கள். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, சாமியை மாற்றி என் மகனைக் கொன்றுவிட்டாயே என்று அவளைக் கைகாட்டிக் கதறினார். அண்ணன்மார் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவளை அழைத்துப்போன நான் பெண்கள் கூட்டத்தின் பின்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முத்துலட்சுமி எழுந்து உள்ளே போனாள். அந்த அட்டையை எடுத்து வந்து மாமியாரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்த, ஆண்டவரு என்னைய ஏமாத்தல," என்றாள். "பொழைக்க வைக்கேன்னு அவரு ஒரு நாளும் சொல்லல. போதும்னுதான் சொன்னாரு. இந்தா, எழுதியிருக்கு."

மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களைக் கேட்கமாட்டேன். எனக்கே இன்னும் தெரியவில்லை.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் என் மனம் ஒரு வேலை செய்தது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் திருட்டைவிட எனக்கு இதுதான் அருவருப்பாக இருக்கிறது. பார்த்தாயா, நீ மாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனம் கேட்டது. பிழைப்பான் என்ற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பிணத்தின் அருகே உட்கார்ந்திருப்பாள். மாமியார் அதை வாங்கிக் கிழித்து எறிந்திருப்பார். அவள் விசுவாசம் அன்றே செத்திருக்கும். நீ மாற்றியதுதான் அவளைக் காப்பாற்றியது. உன் கள்ளத்தனத்தையும் ஆண்டவர் கிருபையாக மாற்றிவிட்டார்... எவ்வளவு அழகாகச் சொல்கிறது பாருங்கள்! பிரசங்கமே பண்ணலாம்.

வேண்டாம். எனக்கு அந்தச் சாக்கு வேண்டாம். ஆண்டவர் எதை எதுவாக மாற்றினாரோ, அது அவர் பாடு. நான் அந்த பஸ்ஸில் அவளைக் காப்பாற்றவா மாற்றினேன்? அவள் புருஷன் போனாலும் போகட்டும், என் புருஷன் இருக்கட்டும் என்றுதானே மாற்றினேன்? இதை மூடி மறைக்க எந்தக் கிருபையையும் இழுத்துப் போர்த்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகளிடம் சொன்னால் சிரிப்பாள். அட்டையா கொன்றது, கட்டிதானேம்மா கொன்றது என்பாள். நியாயம்தான். எனக்கும் அது தெரியாதா? ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். அட்டையில் ஒன்றும் இல்லை என்று நான் நம்பியிருந்தால் எதற்காக மாற்றினேன்? அதில் உயிர் இருக்கிறது என்று நம்பியிருந்தால், அவள் வீட்டு உயிரை அல்லவா எடுத்து வந்தேன்? எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கதவு இல்லை. நான்கு ஆண்டுகளாக இந்த இரண்டு சுவர்களிலும் மாறி மாறி முட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? வாக்கு நிறைவேறியது! அவர் சாகவில்லை.

அந்தச் சூரிய உதயத்தை அவர் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் பசை போட்டு ஒட்டினேன். எடுக்க முடியாதபடி ஒட்டினேன். இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது, பிழைத்தார். நெஞ்சில் சளி கட்டியது, பிழைத்தார். முதுகில் படுக்கைப்புண் வந்தது, நான் எந்தக் கம்பெனியில் சுருட்டுகிறேனோ அதே துணியை வைத்துக் கட்டினேன், பிழைத்தார். சபையில் இதை ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சியாகச் சொன்னார்கள். நோய்வாய்ப்பட்டவர்களின் வீட்டார் அந்த அட்டையைப் பார்க்கவென்றே வந்தார்கள். ரூபி சிஸ்டரின் விசுவாசம் என்றார்கள். நான் அவர்களுக்கும் டீ போட்டேன்.

அட்டை இன்னொன்றும் சொல்லியிருந்ததே, கர்த்தர் செய்ததை ஊருக்குச் சொல்லப்போகிறாய் என்று. இவருக்கோ இரண்டாவது தாக்குதலோடு பேச்சு முக்கால்வாசி போய்விட்டது. தண்ணீர் என்று சொல்லவே பாடுபடுகிறவர் எதைச் சொல்லப்போகிறார்? ஆண்டவருக்கு என்னிடம் மட்டும் இந்த வேடிக்கை எதற்கு என்று பல நாள் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண் சுவரிலேயே இருந்தது. இடது கையைத் தூக்கி அட்டையைக் காட்டினார். வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினேன். தலையை ஆட்டினார். வெகுநேரம் முயன்று, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி வெளியே போட்டார்.

"ஏட்டி... அதக்... கழட்டு. நான்... போறேன்."

கஞ்சி அவர் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டேன். அட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. நான் ஒட்டிய ஒட்டு அப்படி. நான் அவருக்காகத் திருடி வந்த பொருளை அவர் வேண்டாம் என்கிறார். கணேசனுக்கு அது வேண்டியிருந்தது. இதற்கு நான் யாரிடம் போய் அழுவேன்?

அதற்குப் பிறகுதான் போதகரிடம் போனேன். முன்பே சொன்னேனே, ஒரே ஒரு முறை முயன்றேன் என்று. அது இதுதான். நடந்ததைக் கண்ணீரோடு சொன்னேன். அவர் நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அட, அது ஒரு அடையாளந்தானேம்மா. இதப் போயி மனசுல போட்டுக் கொழப்பிக்கிட்டு," என்றார்.

ஜெபித்து அனுப்பினார். முத்துலட்சுமியிடம் போய்ச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேன். அப்படி யாராவது என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளமாட்டார்களா என்றுதான் போனேன். அவர் தள்ளவில்லை. அடுத்த ஜனவரியில் அதே போதகர் அதே தட்டின் மேல் கைகளை விரித்து, குரல் தழுதழுக்க ஜெபித்தார். அப்போது அது வெறும் அடையாளம் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் தட்டில் கை வைப்பதில்லை. போதகரின் மனைவி எடுத்து வந்து கொடுப்பதைத் திருப்பிப் பார்க்காமல் அலமாரியில் போட்டுவிடுகிறேன்.

ஏன் நீயாகவே அவளிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். அவள் அந்த அட்டையின் மேல்தான் நிற்கிறாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மாமியாரையும் வைத்துக்கொண்டு, அதே மேசையில் துணி சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல், ஓட்டு வீடு ஒழுகியது, எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது என்பாள். ஒரு குறையும் சொல்லமாட்டாள். நான் போய், அது உனக்கு வந்ததே இல்லை முத்து, ஆண்டவர் உன்னிடம் பேசவே இல்லை, என்னிடம் பேசியதை நான் உன் மேல் வீசினேன் என்று சொல்ல வேண்டுமா? அவள் விழமாட்டாளா?

இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாளெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மதியம் மேசையில் அவள் தன் டப்பாவைத் திறந்து, எனக்கென்று பொரித்து வந்த அப்பளத்தை என் பக்கம் தள்ளும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொள்கிறேனே, அது இரக்கம் இல்லை. பயம். அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவது நின்றுவிடுமோ என்ற பயம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்ல வெட்கமாயிருக்கிறது. அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருகிறது. நான் வேண்டாம் என்று தூக்கி எறிந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் வாழ்கிறாள். அது எனக்கு வந்தது. எனக்கு! அதை நான் வைத்திருந்தால் இந்தப் படுக்கையின் அருகே என்னாலும் அவளைப்போல் உட்கார்ந்திருக்க முடிந்திருக்குமோ? இப்படி எல்லோர் மேலும் எரிந்து விழாமல், கடவுளோடு தினமும் மல்லுக்கட்டாமல்... தெரியவில்லை. வைத்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பியவள் நான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அவருக்கு மறுபடி நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மூக்கில் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஆராதனை முடிந்து முத்துலட்சுமி வந்தாள். அவள் ஜெபம் பண்ண உட்காரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் தலைப்பக்கம், அவள் கால்பக்கம் பிடித்து அவரைத் திருப்பிப் போட்டோம். முதுகைத் துடைத்தாள். புண்ணைப் பார்த்தாள், முகம் சுளிக்கவில்லை. விரிப்பை எடுத்துப் போய் அலசிக் கொடியில் போட்டாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் வேதத்தைத் திறந்தாள். உள்ளிருந்து அந்த அட்டையை எடுத்தாள். மூலைகள் மழுங்கிப்போயிருந்தன. நனையாமல் இருக்க, எங்கள் கம்பெனி உறை ஒன்றில் போட்டு ஒட்டியிருந்தாள். அருவி வெளுத்துவிட்டிருந்தது.

"எக்கா, இது எனக்கு எம்புட்டோ செஞ்சிருச்சு. இனி ஒனக்குத்தான் வேணும். வச்சுக்கோ."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "அது ஒனக்குல்லா வந்தது, முத்து," என்றேன். என் வாயிலிருந்து அந்தப் பொய் எவ்வளவு சரளமாக வந்தது!

"எனக்கு வந்ததுதான். அதனாலதான குடுக்கேன்," என்றாள்.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இதைவிட வேறு சமயம் எனக்கு வரப்போவதில்லை. வாயைத் திறந்தேன். "முத்து... அன்னைக்கு அந்த பஸ்ஸுல..." என்று தொடங்கினேன். தொடங்கினேன், சத்தியமாகத் தொடங்கினேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீ பஸ் ஏறி இதக் கொண்டாந்து குடுக்கலன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் அட்டையை வைத்து மூடினாள்.

நான் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

அவள் எழுந்து, சுவரில் இருந்த அட்டையை ஒரு முறை வாசித்தாள். கட்டிலருகே போய்க் குனிந்து, "வாரேன் அண்ணே. பொறவு வந்து பாக்கேன்," என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது, பிள்ளைகள் தேடும் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த ஆண்டின் அட்டைகள் இரண்டும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ஒன்று சுவரில், ஒன்று என் கையில். முத்துலட்சுமி எனக்குக் கொடுக்க முடிந்ததே என்ற சந்தோஷத்தோடு, வெறுங்கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனாள்.